கோடாரி யார் கையில் இருந்தது?

எங்கள் தாத்தாவுக்குத் தோட்டத்தில் இன்னொரு பெயர் உண்டு. இன்றும் ஈப்போ புந்தோங் சந்தைப் பக்கம் பழைய தோட்டத்து நண்பர் யாராவது அவரைப் பார்த்துவிட்டால், "டேய் பூனு, எப்படிடா இருக்கே?" என்றுதான் கேட்பார். சிறுவயதில் அவரைப் 'பூனை' என்று கேலி செய்கிறார்கள் என நினைத்து எனக்குக் கோபம் வரும். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் அது பூனை இல்லை, 'பூன்' என்று தெரிந்தது. டேனியல் பூன் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் நாயகன் பெயர் அது.

சென்ற விடுமுறையில் அந்தப் பழைய தொடரின் ஒரு பகுதியை என் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். தலைப்புப் பாடல் தொடங்கியதுமே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இதேதாம்மா! இந்தத் தொப்பி! பின்னாடி வால் தொங்குது பாரு! கிராணி வீட்டு ஜன்னல்ல நின்னு பார்ப்போம். உள்ளே விடமாட்டாங்க. கம்பியப் புடிச்சிக்கிட்டு பத்துப் பன்னெண்டு பேரு நிப்போம். இங்கிலீஷ் ஒண்ணும் புரியாது. ஆனா கோடாரிய எடுத்து மரத்தை வெட்டுவான் பாரு, அது புரியும்."

சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் அது. அந்தக் காலத்தில் எல்லாமே கறுப்பு வெள்ளைதான். நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு வந்தது 1978-இல். தோட்டத்துப் பையன்கள் கோணிச்சாக்கைத் தைத்துத் தொப்பி செய்து, அதன் பின்னால் தேங்காய் நாரை வாலாகக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டில் ஓடி விளையாடுவார்களாம். அந்த விளையாட்டில் தாத்தாதான் எப்போதும் பூன். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இந்த ஒரு பட்டப்பெயர் என்னை எங்கெங்கோ இழுத்துச் சென்றது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

திரையில் வந்த பூன்

'டேனியல் பூன்' தொடர் 1964 செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனத்தில் தொடங்கி 1970 மே மாதம் வரை ஆறு பருவங்கள் ஓடியது. மொத்தம் 165 அத்தியாயங்கள். நாயகனாக நடித்தவர் ஃபெஸ் பார்க்கர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு டிஸ்னி தயாரித்த 'டேவி கிராக்கெட்' கதைகளில் நடித்துப் புகழ் பெற்றவரும் அவரே. ராக்கூன் என்ற விலங்கின் தோலில் செய்த வால் தொப்பி அப்போது அமெரிக்கக் குழந்தைகளிடையே பித்துப் பிடித்ததுபோல் பரவியது. பூன் தொடரிலும் அதே மாதிரித் தொப்பியைத் தலையில் வைத்துவிட்டார்கள்.

கதை நடப்பது 1770-களில், அமெரிக்கக் குடியேற்றங்களின் மேற்கு எல்லையில். அடர்ந்த காட்டின் நடுவே ஒரு மரக்கோட்டை. அதில் பூன், அவர் மனைவி ரெபெக்கா, மகன் இஸ்ரேல், மகள் ஜெமைமா. வாரம் ஓர் ஆபத்து வரும். பூன் துப்பாக்கியோடும் கோடாரியோடும் கிளம்புவார். மணி முடிவதற்குள் எல்லாம் சரியாகிவிடும்.

பூனுக்கு மிங்கோ என்று ஒரு நண்பன். தாய் செரோக்கி பூர்வக்குடியைச் சேர்ந்தவர். தந்தை ஆங்கிலப் பிரபு. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவன் என்று கதை சொல்லும். மிங்கோவாக நடித்த எட் ஏம்ஸ் பூர்வக்குடியைச் சேர்ந்தவர் அல்லர். உக்ரேனிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகன், பாடகர். அந்தக் கதைகளில் காட்டுவாசி நாயகனுக்குத் தோழனாக இருக்கலாம், வழி காட்டலாம், உயிரைக்கூடக் காப்பாற்றலாம். ஆனால் இந்தக் காடு யாருடையது என்ற கேள்வியை மட்டும் அவன் அழுத்திக் கேட்பதில்லை.

உண்மையான பூன்

தாத்தாவின் நாயகனைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கவிழ்ந்தது தொப்பிதான். உண்மையான டேனியல் பூன் வால் தொப்பி அணிபவர் அல்லர். சாதாரண ஃபெல்ட் தொப்பிதான் அணிந்தார்.

அவர் 1734-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1775-இல், ரிச்சர்ட் ஹென்டர்சன் என்பவரின் நிலக் கம்பெனிக்காக, சுமார் 30 கோடாரிக்காரர்களை அழைத்துக்கொண்டு மலைக்கணவாய் வழியாகக் கென்டக்கிக்குப் பாதை வெட்டினார். அந்தக் கம்பெனி செரோக்கித் தலைவர்கள் சிலரிடம் நிலத்தை வாங்கியதாகச் சொல்லிக்கொண்டது. ஆனால் அங்கே காலங்காலமாக வேட்டையாடி வந்த ஷானி மக்கள் அந்த வியாபாரத்துக்கு உடன்படவில்லை. செரோக்கியருக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. தொலைக்காட்சியில் 'தாக்குதல்' என்று வந்ததெல்லாம் உண்மையில் ஒரு நிலத்தகராறு.

1776-இல் பூனின் மகள் ஜெமைமாவும் இரு தோழிகளும் கடத்தப்பட்டார்கள், சில நாள்களில் மீட்கப்பட்டார்கள். 1778-இல் பூனே ஷானி மக்களிடம் பிடிபட்டார். அவர்கள் அவரைக் கொல்லவில்லை. தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைத் தம் மகனாகத் தத்தெடுத்து, 'பெரிய ஆமை' என்று பொருள்படும் பெயரும் வைத்தார். சில மாதங்கள் அவர்களோடு வாழ்ந்து, பிறகு தப்பி வந்து, தத்தெடுத்த தந்தையின் படையை எதிர்த்தே கோட்டையைக் காத்தார். இதைப் படித்தபோது, நாயகனும் வில்லனும் இப்படி ஒரே குடும்பமாகிவிட்டால் எந்தத் தொடரால் வாராவாரம் கதை நடத்த முடியும் என்று தோன்றியது.

கென்டக்கிக்கு வந்தவர்கள் எல்லாரும் சுதந்திர மனிதர்கள் அல்லர். 1790 கணக்கெடுப்பின்படி அங்கிருந்த சுமார் 73,000 பேரில் 12,000-க்கும் மேற்பட்டோர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். பூனும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். மங்க் எஸ்டில் என்ற அடிமை, கோட்டைகளுக்கு வெடிமருந்து தயாரித்துக் கொடுத்தவர். போரில் காட்டிய தீரத்துக்காகப் பின்னர் விடுதலை பெற்றார். வெடிமருந்து இல்லாமல் நாயகனின் துப்பாக்கி வெறும் குழாய். ஆனால் தொடர் அவர் பெயரில் அமையவில்லை.

கடைசியாக ஒன்று. கென்டக்கியில் பூனுக்கு ஏராளமான நிலம் பாத்தியமாக இருந்தது. பதிவு சரியில்லை, பத்திரம் செல்லாது, வேறொருவன் முன்பே பதிந்துவிட்டான் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனது. கடனோடும் வழக்குகளோடும் 1799-இல் மிசூரிக்குக் குடிபெயர்ந்தார். 1820-இல் இறந்தார். ஒரு நாட்டுக்கே வழி வெட்டியவரின் கையில், தாம் வெட்டிய நிலத்தின் பத்திரம் இல்லை.

இதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அப்போ அவனும் நம்ம ஆளுதான்" என்றார்.

நான் எழுதிய கட்டுரை

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டேன். நான் தஞ்சோங் மாலிமில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'குடும்ப வரலாறு' என்ற தலைப்பில் ஒரு படைப்புச் செய்ய வேண்டியிருந்தது. 'மலாயாவின் டேனியல் பூன்கள்' என்று தலைப்பு வைத்தேன். வெறுங்காடாகக் கிடந்த பேராக்கை எங்கள் மூதாதையர் கோடாரியும் மண்வெட்டியுமாக வந்து வெட்டித் திருத்தினார்கள், அட்டைக்கும் பாம்புக்கும் காய்ச்சலுக்கும் உயிர் கொடுத்தார்கள், கடைசியில் ஒரு துண்டு நிலம்கூட இல்லாமல் வெளியேறினார்கள் என்று உணர்ச்சி பொங்க எழுதினேன். மலாய்மொழியில் வகுப்பில் படைத்தபோது என் குரல் தழுதழுத்தது. கைதட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் தாப்பா பக்கமிருந்து வந்த ஒரு தோழி கை தூக்கினாள். அவள் செமாய் இனத்தைச் சேர்ந்தவள். விடுதியில் எனக்கு இரண்டு அறை தள்ளி இருப்பவள். கோபமே இல்லாமல் கேட்டாள்:

"வெறுங்காடு என்று மூன்று முறை சொன்னாய். என் பாட்டியின் பாட்டி அங்கேதான் இருந்தார். உன் கதையில் நாங்கள் யார்?"

என்னிடம் பதில் இல்லை. "இது எங்கள் குடும்ப வரலாறு மட்டும்தான்" என்று ஏதோ சமாளித்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. வெள்ளைக்காரத் தொடரில் நான் கண்டுபிடித்த அதே குறையை என் கட்டுரையிலும் செய்து வைத்திருந்தேன். அதுவும் எங்கள் பெயரில்.

பேராக் வெறுங்காடாக இருந்ததா?

பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தீபகற்ப மலேசியாவின் ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வக்குடி மக்கள் 18 இனங்களாகக் கணக்கிடப்படுகிறார்கள். பேராக்கில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் செமாய், தெமியார் இனத்தவர். சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் ஆற்றோரங்களில் தெமியார் கிராமங்கள் இன்றும் இருக்கின்றன. மலைநெல், மரவள்ளி, பழமரங்கள் என்று அவர்கள் வாழ்க்கை ஓடியது. ஒரு துண்டு நிலத்தைத் திருத்திப் பயிர் செய்து, பிறகு அதை ஆறப்போட்டு வேறு துண்டுக்குப் போவார்கள். காடு மீண்டும் வளரும். அப்படி ஆறப்போட்ட நிலத்தை வெளியிலிருந்து வருபவன் பார்த்தால் 'வெறுங்காடு' என்றுதான் நினைப்பான். ஆனால் எந்த டுரியான் மரம் எந்தத் தாத்தா நட்டது என்று அவர்களுக்குத் தெரியும்.

அடுத்து ரப்பர். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளில் சில கோல கங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலியிட்டுப் பாதுகாக்கப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனங்கள் பெருகி ரப்பர் விலை ஏறியதும், காடு வேகமாகத் தோட்டமாகியது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. அதன் பிறகும் கங்காணிகள் வழியாக ஆயிரமாயிரமாய்த் தமிழர்கள் வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு கூலியாள்களை அனுப்புவதைத் தடை செய்யும் வரை அது தொடர்ந்தது.

என்னை வியக்க வைத்த செய்தி, பெருமரங்களைச் சாய்க்கும் முதல் வேலையைப் பற்றியது. பல தோட்டங்களில் அந்த வேலை மலாய், ஜாவானிய, சீன ஒப்பந்தக்காரர்களிடம் விடப்பட்டது. சில இடங்களில் ஓராங் அஸ்லி மக்களே கூலிக்கு மரம் வெட்டினார்கள். தம் காட்டைத் தாமே வெட்டும் நிலை அவர்களுக்கு வந்தது. நம்மவர்கள் பெரும்பாலும் அதற்கு அடுத்த கட்டத்தில் இறங்கினார்கள். கானு வெட்டினார்கள், சாலை போட்டார்கள், குழி தோண்டிக் கன்று நட்டார்கள், புல் வெட்டினார்கள், பிறகு தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டினார்கள். ஆக, கோடாரி ஒரே இனத்தின் கையில் இருந்ததில்லை.

காய்ச்சல் மட்டும் பொய்யில்லை. புதிதாகத் திறக்கப்பட்ட தோட்டங்களில் மலேரியாவால் நம்மவர்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். டாக்டர் மால்கம் வாட்சன் என்பவர் இதை ஆராய்ந்தார். குன்றுப் பகுதிகளில் மலேரியாவைப் பரப்பும் ஒருவகைக் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் பெருகுவது. காடு நிழல் தந்தவரை அந்த ஓடைகளில் அது பெருகவில்லை. மரத்தைச் சாய்த்து ஓடைக்கு வெயிலைக் காட்டியதும் பெருகியது. பூன் தொடரில் எதிரி அம்போடு வருவான். நம் கதையில் எதிரியை வரவழைத்தது அந்தக் கோடாரியே. அதை வெட்டச் சொல்லி உத்தரவிட்டவர்கள் லயத்தில் குடியிருக்கவில்லை.

கோபுரத்தில் நிற்கும் துரை

ஈப்போவிலிருந்து பத்து காஜா போகும் வழியில் கெல்லி மாளிகையைப் பார்க்காத பேராக் மாணவர் குறைவு. பள்ளிச் சுற்றுலா என்றாலே அங்கேதான். ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர் தோட்டம் திறந்து பணக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி முடிக்காமல் போன மாளிகை அது. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துவிட, கட்டடம் அரைகுறையாக நின்றுபோனது. கட்டுமானத்தின்போது காய்ச்சலில் தமிழ்த் தொழிலாளர்கள் பலர் இறக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டதால் அவர் மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக்கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

அந்தக் கோயிலின் மேல் தளத்தில் தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார். அது கெல்லி ஸ்மித்தான் என்கிறார்கள். ஆறாம் ஆண்டில் சுற்றுலா போனபோது அதைப் பார்த்துச் சிரித்தேன். இந்த முறை சென்றபோது சிரிப்பு வரவில்லை. நன்றியுள்ள மக்கள் நம் முன்னோர். கோயில் கொடுத்தவரைச் சாமிகளோடு நிறுத்தினார்கள். ஆனால் அந்தக் காய்ச்சலில் இறந்தவர்களின் பெயர் எனக்கு அங்கே எங்கும் தென்படவில்லை. அவர்களுக்கும் முன்னால் அந்த மண்ணில் நடந்தவர்களின் பெயரும் தென்படவில்லை.

எல்லைக்காட்டு வீரகதைகள் எல்லாவற்றிலும் இதே கணக்குத்தான் என்று நினைக்கிறேன். ஒருவருக்குச் சிலை. வேலை செய்தவர்களுக்கு மறதி. முன்பிருந்தவர்களுக்கு 'வெறுங்காடு' என்ற சொல்.

தாத்தா சொன்ன இன்னொரு கதை

விடுமுறை முடிவதற்குள் இதையெல்லாம் தாத்தாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்லப் பயமாகவும் இருந்தது. தோட்டம் விற்கப்பட்டு, மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது, மூன்று தலைமுறை இருந்த லயத்து வீட்டிலிருந்து எங்கள் குடும்பம் கொஞ்சம் இழப்பீட்டுப் பணத்தோடு வெளியேறியது. தாத்தாவுக்கு மிச்சமிருப்பது 'நாங்க உண்டாக்கின மண்ணு' என்ற பெருமை ஒன்றுதான். அதிலும் நான் கை வைக்கிறேனோ என்று உறுத்தியது.

தோழி கேட்ட கேள்வியை அப்படியே சொன்னேன். தாத்தாவுக்குக் கோபம் வந்தது.

"நாங்க என்ன அவங்க நிலத்தைப் புடுங்கினோமா? எங்களையே கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்து போட்டான். சக்காய்க்காரங்க அவங்க பாட்டுக்குக் காட்டுல இருந்தாங்க."

"தாத்தா, அந்தச் சொல்லைச் சொல்லாதீங்க. அது அவங்களை அடிமைன்னு கேவலமாச் சொல்றது. பழைய காலத்துல அவங்களைப் புடிச்சிட்டுப் போயி அடிமையா வித்திருக்காங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்" என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பாட்டி தேநீர் வைத்துவிட்டுப் போனார். தேநீர் ஆறிய பிறகுதான் தாத்தா வாய் திறந்தார்.

"பெத்தாய் விக்க வருவாங்கம்மா. பிரம்பும் கொண்டாருவாங்க. ஒரு ஆளு வருவாரு, கூடவே ஒரு பையன். என் வயசுதான் இருக்கும். கடைக்காரன் பாதி விலைகூடக் குடுக்கமாட்டான். அவரு ஒண்ணும் கேக்கமாட்டாரு, வாங்கிக்கிட்டுப் போயிருவாரு. நாங்க அப்போ இந்தப் பூன் விளையாட்டு விளையாடிக்கிட்டு இருப்போம். குச்சிதான் துப்பாக்கி. ஒரு நாளு அந்தப் பையன் ரோட்டோரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்தான். எங்களுக்கு இண்டியன் வேஷத்துக்கு ஆளு வேணும். 'அதோ நிக்கிறான்டா' அப்படின்னு எல்லாரும் சேந்து குச்சிய அவன் பக்கம் நீட்டி 'டூம் டூம்'னு கத்தினோம். நான்தான் முதல்ல நீட்டினேன். அவன் ஓடல, அழுவல. சும்மா பாத்தான். அவங்கப்பா வந்து கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் அவரு தனியாத்தான் வந்தாரு."

கொஞ்சம் பொறுத்து, "அந்த மூஞ்சி இப்பவும் ஞாபகத்துல இருக்கு. பேருதான் கேக்கல" என்றார்.

தாத்தா இதை எங்கள் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. பாட்டிக்கும் அன்றுதான் தெரியும்.

இரண்டும் உண்மை

நான் கட்டுரையைத் திருத்தி எழுதினேன். முன்பு எழுதியதில் எதையும் முழுதாக அழிக்க வேண்டியிருக்கவில்லை. நம் முன்னோர் உழைத்தது உண்மை. இறந்தது உண்மை. நிலமில்லாமல் வெளியேறியதும் உண்மை. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்கே காரணம், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த நிலைதான். சுங்கை சிப்புட்டில் பிறந்த அவருக்கு, மண்ணில் பங்கு இல்லாத உழைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்திருந்தது. தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்.

அதே சமயம், இன்னொரு பக்கமும் உண்மை. 1954-ஆம் ஆண்டுப் பூர்வக்குடியினர் சட்டத்தின்படி, ஓராங் அஸ்லி மக்கள் தங்கள் நிலத்திலேயே அரசு அனுமதிக்கும் வரை தங்கியிருப்பவர்கள் என்ற நிலைதான். நீதிமன்றம் வேறு விதமாகச் சொல்ல நெடுங்காலம் ஆனது. சிலாங்கூர் டிங்கிலில் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக நிலம் எடுக்கப்பட்டபோது தெமுவான் மக்கள் வழக்குப் போட்டார்கள். சகோங் தாசி வழக்கு என்று பெயர். 2002-இல் உயர்நீதிமன்றம், வழிவழியாக வாழ்ந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பு 1997-இல் ஜொகூரின் அடோங் வழக்கிலும் அத்தகைய உரிமை ஏற்கப்பட்டது. கிராண்ட் என்ற காகிதம் கையில் இல்லாததால் அவர்கள் பட்ட பாடு, லயத்து வீட்டுக்கு எந்தக் காகிதமும் இல்லாததால் நாம் பட்ட பாட்டுக்கு அந்நியமானது இல்லை. ஒரே காட்டில் இரண்டு குடும்பங்கள் காகிதமில்லாமல் நின்றிருக்கின்றன. அவர்களை அழித்துவிட்டு நம் கதையைச் சொன்னால், கிராண்ட் வைத்திருந்தவன் மட்டும்தான் அதில் தப்பிக்கிறான்.

இது நம் முன்னோர்மேல் பழி போடும் பேச்சு அல்ல. எங்கே வந்திருக்கிறோம், யார் நிலத்தில் நிற்கிறோம் என்று தெரிந்து வந்தவர்கள் அல்லர் அவர்கள். ஆனால் படிக்கும் வாய்ப்புக் கிடைத்த நமக்குத் தெரியும். தெரிந்த பிறகும் 'வெறுங்காடு' என்று எழுதினால் அது நம் தவறு.

நண்பர்களே, உங்களில் பலர் வீட்டில் தோட்டத்துக் கதை சொல்ல ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார். அவர்கள் போன பிறகு வருந்திப் பயனில்லை. கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு செய்யும்போது மூன்று கேள்விகளை மறக்காமல் கேளுங்கள். நீங்கள் வருவதற்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள்? உங்களோடு சேர்ந்து வேலை செய்தவர்கள் யார் யார்? நிலம் யார் பெயரில் இருந்தது? முதல் கேள்விக்குச் சிலர் கோபப்படலாம், என் தாத்தாவைப் போல. தேநீர் ஆறும் வரை பொறுத்திருங்கள்.

திருத்திய கட்டுரையை வகுப்பில் படைப்பதற்கு முன்பு தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு இடங்களில் இடப்பெயரைத் திருத்தினாள். அந்த ஓடைகளுக்கு அவர்கள் மொழியில் வேறு பெயர் இருக்கிறதாம். தாத்தா சொன்ன பையனைப் பற்றிய பகுதியை இரண்டு முறை படித்தாள். "உன் தாத்தாவைப் பார்க்க வேண்டும்" என்றாள்.

அடுத்த விடுமுறைக்கு அவளை வீட்டுக்கு அழைத்திருக்கிறேன். தாத்தாவிடம் சொன்னதும் முதலில் கேட்டது, "அந்தப் பொண்ணு பேரு என்னம்மா?" என்றுதான்.